கோடு இல்லாத மாத்திரை

மூன்று வாரமாக மதியம் ஒரு மணி தாண்டினால் டைம்கீப்பரின் கால்கள் பசை போட்டதுபோல் தரையோடு ஒட்டிக்கொண்டன. பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர்; வேலை போனாலும் பட்டம் போகவில்லை. நடுக்கமும் விறைப்பும் வந்த பிறகு நாளொன்றுக்கு நான்கு வேளை ஒரே மாத்திரை. பகல் பன்னிரண்டு மணி மாத்திரை பிடித்தால்தான் தெருமுனை வரை தானே நடந்து, சலூன்காரரோடு வாய்ச்சண்டை போட்டுத் திரும்ப முடியும். அந்த இரண்டு மணி நேரம்தான் அவருக்குச் சொந்தம். மிச்ச நேரமெல்லாம் பிறர் கையில்.

அன்று வீட்டு நர்ஸ் நீட்டிய மாத்திரையை அவர் வாயில் போடவில்லை. காலை மாத்திரையின் நடுவில் கோடு உண்டு. இதில் இல்லை.

மகள் அன்று ஆபீசுக்கு லீவு.

"பாப்பா, இங்க வா." குரல் தேய்ந்து வந்தது. "இந்த சிஸ்டர் என்னை ஏமாத்துறா. மருந்து சார்ட்டில குடுத்தாச்சுன்னு டிக். கையில என்னவோ சத்து மாத்திரை. என் மாத்திரை எங்க போகுதுன்னு கேளு."

சிஸ்டருக்கு முகம் சுண்டிவிட்டது. "அக்கா, நீங்க சொன்னதுக்கு நான் தலையாட்டினதே தப்பு. திருட்டுப் பட்டம் வேற என்னால சுமக்க முடியாது. நீங்களே சொல்லிடுங்க."

மகள் தலையணை உறையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"நான்தான்ப்பா மாத்தச் சொன்னேன். அதைப் போட்டா எழுந்து கிளம்பிடுறீங்க. போன மாசம் ரெண்டு தடவை விழுந்தீங்க. இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்குறது? ஒவ்வொரு போன் அடிக்கும்போதும் நான் ஆபீஸ்ல செத்துப் பிழைக்கிறேன்."

"டாக்டர் மாத்தச் சொன்னாரா?"

மகள் உறையின் மறுமுனையை இழுத்துவிட்டாள்.

"கால் வரலைன்னு போன வாரம் டோசைக் கூட்டி எழுதினாரே. அப்பவும் அந்த சார்ட்டைக் காட்டிட்டு வாய மூடிட்டுத்தானே நின்ன?"

"உங்க நல்லதுக்குத்தான்ப்பா..."

"கட்டிலோட கட்டிப் போட்டிருக்கலாம். கயிறாவது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்."

மகள் அலமாரிக்கு ஓடி, கோடு போட்ட மாத்திரையைக் கொண்டுவந்து அவர் வாயருகே நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"சிஸ்டர், நீ குடும்மா. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்டயும் நீயே கூட வா. நடந்ததை நடந்தபடி சொல்லு."

"அப்பா, நான் உங்க பொண்ணுப்பா."

"அதனாலதான் உன்னை விட்டுட்டு ஊரான் பெத்த பொண்ணைச் சந்தேகப்பட்டேன்" என்றார்.

சிஸ்டர் தயங்கித் தயங்கி மகள் கையிலிருந்து மாத்திரையை வாங்கினாள்.