ஆற்றுப் பக்கம் நகர்ந்த வீடு

1981-இல் தோட்டத்துக்கு மின்சாரம் வந்த அன்று காலை, ஐயாவுவின் வீடு ஒட்டுச்சுவர் வரிசையான லயத்திலிருந்து கழன்று ஆற்றுப் பக்கமாகப் பதினொரு அடி நகர்ந்தது. புக்கிட் ரோத்தான் ஊரை அடுத்த அந்தத் தோட்டத்தில் அவர் இருபத்தாறு வருஷம் ரப்பர் பால்மரம் சீவியவர். பழக்கமில்லாத எதைக் கண்டாலும் பயந்து ஒதுங்குவார். பஸ்ஸுக்குப் புது வர்ணம் அடித்தால்கூட ஏற மாட்டார். அந்தப் பயம் இப்போது வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து தூரத்தை அளந்துகொண்டு, பக்கத்து வீட்டின் திறந்த பக்கத்துக்குப் பலகை அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ரப்பரைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது வீடு முப்பது அடி போனது. எதிர் லயத்துக்குக் கலர் டிவி வந்தபோது ஆறடி. மகள் கங்கா ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய், லோரி ஓட்டும் தங்கராஜுவைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்ட வாரம் வீடு நிற்கவே இல்லை. மனைவி அம்சவள்ளி ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டே சமைத்தாள். ஐயாவு பின்சுவருக்கும் ஆற்றுக்கும் இடையே நாளுக்கு நாலு தடவை காலடி வைத்துப் பார்த்தார். 1987-இல் மிச்சம் மூன்று அடி.

அந்த வருஷம் கங்கா நாற்பது நாள் பிள்ளையோடு புருஷனின் லோரியில் வந்து இறங்கினாள். பேத்தியை ஐயாவு அதுவரை பார்த்ததில்லை. வாசற்கால்களைப் பிடித்துக்கொண்டு, "கிட்ட வராத லா! வீடு ஆத்துக்குள்ள போயிரும்!" என்று கத்தினார். கங்கா வெயிலிலேயே நின்றாள். பின்பக்கத் தூண்கள் சேற்றில் இறங்கும் சத்தம் கேட்டது.

அம்சவள்ளி அவர் கையைத் தட்டிவிட்டு வெளியே போய்ப் பிள்ளையை வாங்கினாள். "வீடு போனா போவட்டும். நான் இங்கதான் நிப்பேன். நீங்க வர்றீங்களா, அதோட போறீங்களா?"

இருந்தது மூன்றே படி. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அவர் கைகளில் அம்சவள்ளி பிள்ளையை வைத்தாள். அது உடனே அவர் சட்டையை நனைத்தது.

"சூடா இருக்கு லா," என்றார் ஐயாவு, யாரோ கேட்டதுபோல.

அவர் முதுகுக்குப் பின்னால் வீடு ஆற்றில் இறங்கியது. மூழ்கவில்லை, குறுக்கே நடந்து எதிர்க்கரையில் ஏறி நீப்பா மரங்களுக்குள் நின்றது. ஐயாவு திரும்பிப் பார்த்தார். கூப்பிடவில்லை. மகளோடு ரவாங் போகும்வரை லோரியில் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிள்ளையை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

வீடு அங்கேதான் இருக்கிறது. அக்கரைக் கிராமமான கம்பத்து மீனவர்கள் அதன் தூண்களில் படகு கட்டுகிறார்கள். யாராவது படகுக்குப் புது மோட்டார் வாங்கி வந்தால் வீடு சற்று ஒதுங்கும் என்பதால், கயிற்றைக் கொஞ்சம் நீளமாகவே விடுகிறார்கள்.