மூக்குக்குச் சாட்சி ஒரு பூ

மூக்கைத் தொலைத்துவிட்டுத் தேடியவள் ஒருத்தி இருந்தாள், கண்ணுகளா. மூக்கு முகத்தில்தான் இருந்தது, மோப்பம்தான் போய்விட்டது.

சோப்புப் பட்டறையில் வாசனை கலப்பது அவள் வேலை. கொப்பரையிலிருந்து ஆவி எழும்போதே எது கூட, எது குறைச்சல் என்று சொல்லிவிடுவாள். ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தாள். உலகமே ஆறிப்போன வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, சில நேரம் இல்லாத கருகல் நாற்றம் ஒன்று வந்து அவளை அடுப்படிக்கு ஓட வைக்கும். போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்தே கிடக்கும்.

"மூக்கு திரும்பினதும் வாம்மா, உன் இடம் உனக்குத்தான்" என்றார் முதலாளி. திரும்பியதை எப்படித் தெரிந்துகொள்வது? அவள் கவலையெல்லாம் அதுதான்.

சமையலறை ஜன்னலில் ஒரு குட்டி ஆர்க்கிட் தொங்கியது. தொட்டியும் கிடையாது, மண்ணும் கிடையாது. உள்ளங்கை அகல மரப்பட்டையில் பாசி வைத்துக் கட்டிய செடி. வேர்கள் காற்றில் விரல் நீட்டிக்கொண்டிருக்கும். அவள் படுத்திருந்தபோது அதைக் காப்பாற்றியவன் அவள் கணவன். துணி தேய்க்கும் கடைக்காரனுக்கு வேறென்ன தெரியும்? சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்து, காலருக்குத் தெளிப்பது போலப் புஸ்புஸ்ஸென்று தெளித்துவிட்டுப் போவான். செடிக்கு வேண்டியதும் அதுதான் போலிருக்கிறது. சுண்டுவிரல் நகம் போல வெள்ளைப் பூக்கள் விட்டது.

ஒரு காலை, வெயில் ஜன்னலில் ஏறுகிற நேரம், அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று வந்து கன்னத்தை உரசியது. எலுமிச்சைத் தோல். அதற்குப் பின்னால், மெதுவாக, தேன். நுரைக் கையோடு நின்றுவிட்டாள். சுவர்கள் விலகி, அடுப்படி ஒரு படகைப் போல மிதந்தது.

விடியுமுன் கடைக்குப் போகிற கணவன் அன்றும் இருட்டித்தான் வந்தான்.

"ஏங்க, அந்தப் பூவ மோந்து பாருங்களேன்."

அவளும் கூடவே மோந்தாள். ஒன்றும் இல்லை. அவன் பூவுக்குள் மூக்கை விட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அடடா! ரோஜா மாதிரி கும்முனு இருக்கு!"

"பொய் சொல்றீங்க."

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? ரோஜான்னா ரோஜா, அப்பேர்ப்பட்ட ரோஜா!"

காலையில் வந்தது என்ன மணம் என்று அவள் சொல்லவில்லை. அதுவும் அந்தக் கருகலைப் போல இல்லாத ஒன்றோ என்று சந்தேகம் வந்துவிட்டது. மறுநாளும் வெயிலோடு வந்தது. பொழுது சாய்ந்ததும் போய்விட்டது. கனவில் வரும் விருந்தாளியை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது? மூக்கை நம்புவதா, மனுஷனை நம்புவதா?

அப்புறம் ஒரு காலை கடைத்தெருவில் மின்சாரம் போனது. வீட்டிலேயே தேய்க்கலாம் என்று துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான் கணவன். ஜன்னல் நிறைய வெயில். வாசலைத் தாண்டியவன் அப்படியே நின்றான்.

"எவன் இவன், சட்டைல சென்ட் பாட்டிலயே கவுத்திருக்கான்!"

மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக மோந்தான். "இது சோப்பு. இதுவும் சோப்பு. இது… சே, வெங்காயம்! துவைச்சேன்னு சொன்னானே, புளுகன்!"

அவள் கரண்டியைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டாள். "எப்படிங்க மணக்குது?"

"எலுமிச்சம்பழத் தோல கிள்ளி தேன்ல போட்ட மாதிரி…" மூக்கு அவனை இழுத்துக்கொண்டு போய் ஜன்னலில் நிறுத்தியது. "அட, இந்தத் துக்கடாவா!"

அவள் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அன்னிக்கு ரோஜா?"

அவன் வெங்காயச் சட்டையைக் கவனமாக மடித்தான். "எனக்குப் பேர் தெரிஞ்ச பூ அது ஒண்ணுதான்."

சிரித்தாளா அழுதாளா, சொல்லத் தெரியவில்லை. வெயில் பட்டால் மட்டும் வாய் திறக்கிற பூ அது, கண்ணுகளா. பொழுது சாய்ந்தால் கடையைக் கட்டிவிடும்.

அன்று சாயங்காலம் இருவரும் தலையோடு தலை முட்டப் பூவை மோந்தார்கள்.

"சத்தியமா ஒண்ணும் வரல" என்றான் அவன்.

"எனக்குந்தான்!" என்றாள், பரிசு விழுந்தவள் போல. உள்ளே போய், கசங்கிக் கிடந்த பட்டறை மேலங்கியை எடுத்துவந்து அவனிடம் நீட்டினாள்.

"நாளைக்கு வேணும். மடிப்பு கலையாம நிக்கணும்."