நலம் ஆறு

செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் அழாது, அடம் பிடிக்காது, பேசாமல் செத்துப்போகும். மனிதக் குடலிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்குகளைக் கூழ்ச்சொட்டில் வைத்து, இளஞ்சிவப்புச் சத்துநீரை ஊட்டி ஊட்டியே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டாள் அவள். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இப்படி நேரம் தவறாமல் ஊட்டியிருக்க மாட்டார்கள்.

அவளுடைய சாப்பாடு வேறு கதை. குடியிருப்பில் அவளுக்குக் 'குடல் டாக்டர்' என்று பெயர். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். இப்போதெல்லாம் கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் மறித்துத் தன் ஏப்பத்தைப் பற்றி ஆரம்பித்தால், "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டது இரண்டு பிஸ்கட்டும் மிஷின் காப்பியும். ஊருக்குத்தானே உபதேசம்.

ஒரு மணிக்கு அப்பாவின் போன் வந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்ப்பா."

"சரி, வச்சுடறேன்."

அம்மா போனதிலிருந்து ஒருநாள் தவறாமல் நடக்கிற பேச்சு இவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அவள் மறுபடியும் மீட்டரைப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு. மூன்றாவது தடவையாக அளந்தும் எண் ஏறவில்லை.

அந்த ஆய்வில் பன்னிரண்டு பேரின் குடல் செல்கள் இருந்தன. நோயுள்ளவர் ஆறு பேர், ஆரோக்கியமானவர் ஆறு பேர். யாருக்கும் பெயர் கிடையாது. நோய் ஒன்று, நோய் இரண்டு, நலம் ஒன்று, நலம் இரண்டு என்று எண்தான். செல்களைச் சல்லடை போன்ற ஒரு சவ்வின்மேல் விரிப்பாக வளர்த்து, இரண்டு முனைக் குச்சி ஒன்றை வைத்து மின்தடையை அளப்பார்கள். நல்ல குடல் பூசின சுவர் மாதிரி, கண்டதை உள்ளே விடாது, எண் நானூறைத் தாண்டும். நோய்க்குடல் ஒழுகும், நூற்றைம்பதைத் தொடாது. பன்னிரண்டில் பதினொன்று சொன்னபடி கேட்டது. ஆரோக்கியமானவர் வரிசையில் கடைசியாக நின்ற நலம் ஆறு மட்டும் கூரை ஒழுகுகிற மாதிரி ஒழுகியது.

"ஆறு பேரும் 'நலம், நலமறிய ஆவல்'னு எழுதிக் கொடுத்தாங்க. இதுல ஒருத்தர் புளுகிட்டாங்க" என்றாள் ஃப்ரீசர் அக்கா. செல்களை உறையவைக்கும் பெட்டிகளுக்குப் பதினாலு வருஷமாக அவள்தான் பொறுப்பு. சாவி அவள் இடுப்பில் இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் வெப்பநிலையையும் காலையும் மாலையும் தன் கையால் நோட்டில் எழுதுவாள். கம்ப்யூட்டரை நம்ப மாட்டாள்.

குடல் டாக்டர் குச்சியைத் துடைத்து வைத்தாள். நலம் ஆறு யாரென்று இந்தக் கட்டடத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

எட்டு மாதத்துக்கு முன் மருத்துவமனையில் ஆறாவது ஆள் வரவில்லை. தொண்டை வழியே குழாய்விட்டுத் துணுக்கு எடுக்கும் டாக்டர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. "ஆறில்லாம திரும்பி வந்தா குடலை உருவி மாலையாப் போட்டுடுவேன்" என்று முந்தின நாள்தான் தலைவர் வாழ்த்தி அனுப்பியிருந்தார். தலைவர் என்பது ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர்; குடல் ஆராய்கிற இடத்தில் வசவும் தொழிலை ஒட்டித்தானே வரும். சோதனைக்கு நிபந்தனை வெறும் வயிறு. அவள் வயிறு எப்போது நிறைந்திருந்தது? தானே படுத்துவிட்டாள். படிவத்தில் ஐந்து கேள்விகள். அடிக்கடி வயிற்று வலி உண்டா, எடை குறைகிறதா என்று போய், குடும்பத்தில் யாருக்காவது குடல் நோய் இருந்ததா என்பதில் முடிந்தது. ஐந்துக்கும் 'இல்லை' என்று டிக் அடித்தாள். வெட்கப்படக்கூட அசதியாக இருந்தது. பெயர் உறைக்குள் போயிற்று, எண் மட்டும் வெளியே வந்தது.

கல்லூரி நாளிலிருந்தே வலி உண்டு. இந்த ஒரு வருஷத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டாயிற்று. அம்மா செத்ததும் குடல் நோயில்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அவள் மறைத்தது ஐந்து பூசணிக்காய்.

இரண்டு மணிக்குத் தலைவர் வந்தார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே பை தொங்கியது.

"ஆறைத் தூக்கிடு. அது ஒண்ணாலதான் மொத்தக் கட்டுரையும் நொண்டுது."

"காரணம் இல்லாம எப்படி சார் தூக்கறது?"

"ஃப்ரீசர் ஒருநாள் நின்னுபோய் சாம்பிள் கெட்டுடுச்சுன்னு ஒரு வரி எழுது. சாயங்காலம் அனுப்பணும். மூணு தடவ கெடு வாங்கியாச்சும்மா, இன்னொரு தடவ கேட்க எனக்கு மூஞ்சி இல்ல."

அவர் போனதும் அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஒரே ஒரு வரி. எழுதிவிட்டால் கட்டுரை போய்விடும், வேலை நிலைக்கும், உறையை யாரும் பிரிக்கப் போவதில்லை. 'உறைபெட்டிப் பழுதினால்' என்று அடித்தாள். அடித்த பிறகுதான் பின்னால் அக்கா நிற்பது தெரிந்தது.

"என் ஃப்ரீசர் என்னைக்கும்மா நின்னுச்சு?"

பதினாலு வருஷ நோட்டில் ஒரு கறை விழும் என்பது அதுவரை அவள் நினைப்பிலேயே இல்லை. அக்கா கத்துவாள் என்று பார்த்தாள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதணும்னா எழுதிக்க. எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான், யாரு என்ன கேட்கப்போறாங்க. ஆனா அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிடு. தனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டு எங்கயோ அலைஞ்சுட்டு இருக்கும். வீட்ல யாராவது ஒருத்தர் இருப்பாங்கல்ல, பாவம்."

அந்தப் 'பாவம்' அவளை உடைத்துவிட்டது. அம்மா கடைசி ஒரு வருஷம் எதுவும் இறங்காமல் இருந்தவள். அப்பா ஷிப்டு முடிந்து வரும் நேரத்துக்குச் சுத்தமான தட்டையே ஒருமுறை கழுவிக் கவிழ்த்து வைப்பாள். "சாப்பிட்டியா?" என்பார் அப்பா. "ஆச்சு" என்பாள். ஈரத் தட்டைப் பார்த்து அவர் நம்பினார். ஆஸ்பத்திரியில் எடை பார்த்த அன்றைக்குத்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"அந்த ஆளு நான்தான்க்கா" என்றாள்.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். தொளதொளத்த சட்டையை, பெல்ட்டை, மேஜைமேல் கிடந்த பிஸ்கட் உறையை.

"அதானே பார்த்தேன்" என்றாள் கடைசியில். "மாலை போடறேன்னாரே மனுஷன், இந்த ஓட்டைக் குடலை வச்சு எப்படிப் போடறதாம்?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அக்கா எழுந்துபோய்த் தன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

அடித்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதினாள். 'நலம் ஆறு ஆரோக்கியமானவர் அல்ல. கொடுத்தவர் படிவத்தில் பொய் எழுதினார். கொடுத்தவர் நான்.' தலைவருக்கு அனுப்பினாள். இனி விசாரணை வரும், கட்டுரையில் அவள் பெயர் நிற்குமா என்று தெரியாது, நாலு வருஷம் ஊட்டி வளர்த்ததை வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் தெரிந்தும் அவளுக்குப் பயத்தைவிடத் தூக்கம்தான் அதிகமாக வந்தது.

டப்பாவைத் திறந்தாள். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, இந்த நேரத்துல?" என்றவர், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் பழக்கத்தில் கேட்டார். "சாப்பிட்டியா?"

"இல்லப்பா."

எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது கேட்டது.

"எத்தனை நாளாம்மா?" என்றார். அம்மாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.