பழைய பேரிங்

எங்கள் வேக்குவம் கிளீனர் குப்பையை ஒழுங்காக உறிஞ்சி ரொம்ப காலமாகிறது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. குப்பை கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும். முந்தாநாள் அது சத்தம் போடுவதையும் நிறுத்தியதுதான் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

என் மகன் கைக்குழந்தை. என் கணவர் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் பீரங்கி. பிறந்ததிலிருந்து வாயை மூடாத பிள்ளை, ஒருநாள் வீட்டைச் சுத்தம் செய்ய நான் அந்த மெஷினை ஓடவிட்டதும் சட்டென்று தூங்கிப்போனான். தொண்டை கட்டினவன் பேசுவதுபோலக் கரகரவென்று ஒரு சத்தம் அதற்கு. நல்ல வழி கிடைத்ததென்று தினமும் அதையே ஓட்டித் தூங்கவைத்தோம். எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம். இப்போது அது ஓடாமல் அவன் கண் மூடுவதில்லை. போனில் அந்த மாதிரிச் சத்தம் போட்டுப் பார்த்தோம். பீரங்கியா ஏமாறுவான்?

அவன் தூங்கவில்லை, அதனால் நானும் தூங்கவில்லை. இன்று காலை அவனைத் தூக்கியபோது என் கைகள் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்தன. பதறிப்போய் அவனைத் தொட்டிலில் போட்டுவிட்டு, குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இன்னும் ஒருநாள் இப்படிப் போனால் இந்தக் கைகளை நான் நம்ப மாட்டேன்.

"ஏங்க, இன்னிக்கு இதுக்கு ஒரு வழி பண்ணியே ஆகணும்" என்றேன் வெளியே வந்து.

"புதுசே வாங்கிடலாம். இது ஓட்டை உடைசல்."

எதற்கும் இருக்கட்டும் என்று பழையதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, கதறுகிற பிள்ளையோடு பெரிய கடைக்குப் போனோம்.

"எதுல சத்தம் அதிகம்?" என்று கேட்டேன்.

விற்பனையாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப வர்றது எதுலயும் அவ்வளவு சத்தம் இருக்காது மேடம்."

அவர் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டக் காட்ட, பீரங்கி எல்லாவற்றையும் மிஞ்சி முழங்கினான். கடையே திரும்பிப் பார்த்தது. நாலு பேர் பார்த்தாலே கூனிக் குறுகிப்போகிற மனிதர் என் கணவர். எங்களை இழுக்காத குறையாக வெளியே கூட்டிவந்தார்.

திரும்பிப் போனபோது மெக்கானிக் முகமெல்லாம் பல்லாக இருந்தார். "பேரிங் தேஞ்சு இறுகிப் போயிருந்துச்சும்மா. புதுசு போட்டுட்டேன். இப்ப பாருங்க."

சுவிட்சைப் போட்டார். மேஜைத் தூசி மொத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டு அது புஸ்ஸென்று சாதுவாக ஓடியது.

"அண்ணே, அந்தக் கரகரப்பு எங்க?"

"அது போயிடுச்சும்மா! அதுக்குத்தானே இவ்வளவு வேலை!"

"பழைய பேரிங்கையே திரும்பப் போடுங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். "என்ன சார் சொல்றாங்க?" பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கழற்றும்போதே அது இரண்டாக உடைந்திருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓவென்று அழத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அடித்தொண்டையிலிருந்து வந்தது அந்தக் கரகரப்பு. கேட்டுக் கேட்டு எனக்குள்ளேயே ஊறிப்போயிருக்கிறது. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கர்ர்ர் என்று இழுத்தேன். அவன் அழுகை விசும்பலானது. கண் செருகியது.

மூச்சு வாங்க நிறுத்தினால் இமை அசைந்தது. மறுபடி கர்ர்ர். தொண்டை எரிந்து கண்ணீர் வழிந்தது. இப்படியே எவ்வளவு நேரம்? நாளைக்கு? அதற்கு மறுநாள்? கணவரைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் குரல் உடைந்து நின்றுபோனது. பீரங்கி உதட்டைப் பிதுக்கினான்.

அவர் என் எதிரே மண்டியிட்டார். பிள்ளையை வாங்கித் தன் நெஞ்சில் போட்டுக்கொண்டு, காதெல்லாம் சிவக்க, "கர்ர்ர்" என்றார்.

பீரங்கி ஒரு கண்ணைத் திறந்தான்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றேன்.

அவர் குரலை இறக்கினார். திறந்த கண் மூடியது.

நான் வெறுங்கைகளை மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் கடைச் சுவரிலேயே சாய்ந்து தூங்கிப்போனேன்.