கத்துக்குட்டிச் சரிவு

தம்பி சாவாவின் மரண அறிவிப்பைப் பனிச்சறுக்கு லிஃப்ட் கம்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான் ராங்கெல். வரிசையில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருத்தி முன்னால் வந்து அதிலிருந்த படத்தை முத்தமிட்டாள். ராங்கெலுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? உச்சியிலிருந்து செங்குத்தாக இறங்கும் கறுப்புச் சரிவில் ஒரு காலத்தில் அவனை முந்த ஆளில்லை. சாவாவோ காலமெல்லாம் அடிவாரத்துக் கத்துக்குட்டிச் சரிவில், விழுந்தவர்களுக்கு எழுந்திருக்கச் சொல்லிக் கொடுத்தவன். முந்தாநாள் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், போய்விட்டான்.

மதியம் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் தேவாலயக் கதவைச் சாத்த முடியவில்லை. நான் செத்தால் இதில் பாதி வருமா என்று சவப்பெட்டியைச் சுமந்தபடியே யோசித்தான் அண்ணன்காரன்.

சறுக்கு ஆசான் செத்தால் அந்தி சாயும்போது தீப்பந்தங்களோடு சறுக்கி இறங்குவது ஊர் வழக்கம். உச்சியிலிருந்து, எல்லாருக்கும் முன்னால் ராங்கெல். அதையாவது யாரும் பறிக்க முடியாது என்றிருந்தான்.

சாவாவின் மனைவி நெவேனா, அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் சர்க்கரை தூவிய அவித்த கோதுமையை அவன் கையில் வைத்தாள்.

"அத்தான், பந்தம் கத்துக்குட்டிச் சரிவுலதான். அவருகிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாரும் வர்றாங்க. கறுப்புல இறக்கிவிட்டா இன்னும் நாலு சாவு விழும்."

"சரி. நான் முன்னாடி போறேன்."

"நீங்க கடைசில வாங்க. அவரு எப்பவும் கடைசிலதான் வருவாரு."

இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே சறுக்குப் பலகைகளை மாட்டினான் ராங்கெல்.

தபால்காரர், பாதிரியார், ரொட்டிக்கடை டோன்கா என்று எல்லாரும் பலகை நுனிகளைச் சேர்த்துவைத்து ஊர்ந்தார்கள். அவனுக்கு அவ்வளவு மெதுவாக இறங்க வரவில்லை.

பாதி வழியில் டோன்கா விழுந்தாள். அவள் பந்தம் பனியில் உஸ்ஸென்று அணைந்தது. கையை நீட்டினான்.

"வேணாம்ப்பா. சாவா கை குடுக்க மாட்டாரு. பக்கத்துல நிப்பாரு, அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம்?"

"நான் எந்திரிக்கிற வரைக்கும்."

இங்கேயும் அவன்தானா என்று இருந்தது. கீழே பார்த்தான். பந்தங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன. ஒன்றும் கலையாமல் மேலே பார்த்து நின்றன. டோன்கா ஒரு முழங்காலை ஊன்றினாள், மறுபடி சரிந்தாள். ராங்கெல் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, அவளுக்கு வெளிச்சம் படும்படி பந்தத்தைத் தாழ்த்திப் பிடித்தான்.