சிவப்பு வாளி

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் அவனை எல்லாரும் கூப்பிடுவது ‘சொடுக்கு’ என்றுதான். பிழைப்புக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிறான். மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அரதப் பழசான விளையாட்டுகளைத் தோண்டியெடுத்து மவுஸைச் சொடுக்கிக்கொண்டிருப்பான். சுடுவது, துரத்துவது எல்லாம் அவனுக்கு ஆகாது. இவன் விளையாட்டில் திரையில் ஓர் அறை படமாக நிற்கும். கீழே பார், எடு, திற, பேசு என்று வார்த்தைகள் இருக்கும். வார்த்தையைச் சொடுக்கி, பிறகு பொருளைச் சொடுக்கினால் கதை நகரும். யோசிக்கிறவன் எத்தனை நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், கதை காத்திருக்கும்.

தான் ரசித்ததை உலகமே ரசிக்க வேண்டும் என்பது அவனுடைய வியாதி. தூக்கம் வரவில்லை என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரு விளையாட்டு சொல்வான். மேலதிகாரி படுத்துகிறார் என்றால் அதற்கும் ஒன்று வைத்திருப்பான். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவரை வெளியே எடுத்துவிட்டு, அவர் வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் இரண்டு விளையாட்டைச் சிபாரிசு செய்த மகானுபாவன். கேட்டவர்கள் எல்லாரும் பெரிதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அக்காவைத் தவிர ஒருத்தரும் விளையாடியதில்லை.

சிபாரிசில் அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. விளையாட்டின் பெயரைச் சொல்வான். விடையைச் சொல்ல மாட்டான். துப்புகூடக் கிடையாது. “விடையைச் சொல்லிட்டா நான் விளையாடின மாதிரி ஆயிடும். நீங்க எதுக்கு?” என்பான். காலில் விழுந்தாலும் வாயைத் திறக்க மாட்டான்.

அக்கா மழலைப் பள்ளி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறாள். கணவர் போன பிறகு அவளை இடிந்து போகாமல் பார்த்துக்கொண்டது அந்த ஸ்டியரிங்தான். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை என்பது அவள் பெருமை. யார் மறந்தாலும் அவளே ஞாபகப்படுத்துவாள். பெரிய விடுமுறை வந்ததும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல், துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தாள். தம்பி தன் பழைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு துறைமுக ஊரில் கடிகாரக்காரர் காணாமல் போகிறார், அவர் மகள் தேடிப் புறப்படுகிறாள். அன்று சாயங்காலமே அக்கா அதில் சொக்கிப்போனாள்.

கொஞ்ச நாளில் போன் வந்தது.

“டேய் சொடுக்கு, நிலவறையில மாட்டிக்கிட்டேண்டா.”

அவன் உள்ளூரச் சிரித்துக்கொண்டான். நிலவறையில் மாட்டாதவர் யார்? அங்கே ஒரு பெரிய தராசு இருக்கிறது. எந்தத் தட்டில் எதை வைப்பது என்று அவனே மண்டையை உடைத்துக்கொண்ட இடம்.

“எல்லாரும் மாட்டுற இடம்தான்கா. கண்ணத் தொறந்து நல்லாப் பாரு, முன்னாடியே இருக்கு.”

மறுநாளும் போன் செய்தாள். அதற்கு மறுநாளும். “ஒரே ஒரு துப்பு குடுடா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சினாள். “கண்ணாடி வாங்கித் தரட்டுமா?” என்று இவன் கிண்டல் செய்தான். “போடா, இது வண்டி ஓட்டுற கண்ணு!” என்று அவளும் சிரித்தாள்.

லீவு நாளில் நேரிலேயே போனான். அவள் தவிப்பதை அருகில் இருந்து ரசிக்க வேண்டும் என்ற ஆசைதான். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான். அதுவரை அவள் சேர்த்த பொருள்கள் கீழே வரிசையாக இருந்தன. சாவி, மெழுகுவர்த்தி, தூண்டில். வாளியைக் காணோம். வாளி இல்லாமல் தராசுப் பக்கமே போக முடியாது.

“வாளிய எடுக்கலையா?” என்று கொள்கையை மறந்து கேட்டுவிட்டான்.

“எந்த வாளி?”

சாம்பல் நிறத் தரையில், படத்தின் இடது கீழ் மூலையில், தக்காளிச் சிவப்பில் கிடந்தது வாளி. விளையாட்டைச் செய்தவர்கள் மற்றதையெல்லாம் ஒளித்துவிட்டு அதை மட்டும் ஒளிக்கவேயில்லை. சிக்குகிறவர்கள் எல்லாரும் தராசில்தான் சிக்குவார்கள். வாளியில் சிக்கிய ஒருத்தரை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

அவன் விரலை நீட்டிக் காட்டினான். அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது எப்படா வந்துச்சு?”

“முதல்லேர்ந்தே இருக்குக்கா.”

“கதை விடாத. நான் எதையோ செஞ்சதும் வந்திருக்கு. இதுலதான் அப்படியெல்லாம் வருமே!”

அப்படி வருவதும் உண்டுதான். ஆனால் இந்த வாளி அப்படி வருவதில்லை. முந்தைய அறைகளுக்குத் திரும்பிப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினான். கடற்கரையில் படுத்திருக்கும் நாய், மருந்துக் கடையின் முக்காலி, ரயில் நிலையத்துத் தகரப் பெட்டி எல்லாமே அவளுக்குப் புதிதாக இருந்தன. எல்லாமே இடது பக்கம், கீழே இருந்தன. மறுபடி நிலவறைக்கே வந்தான்.

“நடுவுல இருக்கற விளக்கையே பாருக்கா. கண்ண அசைக்காத. அம்புக்குறி தெரிஞ்சதும் சொல்லு.”

மவுஸின் அம்புக்குறியை வலப்பக்கத்திலிருந்து கொண்டுவந்தபோது உடனே சொன்னாள். பிறகு இடது மூலையிலிருந்து மெல்ல நகர்த்தினான். அம்புக்குறி வாளியைத் தாண்டியது, படிக்கட்டைத் தாண்டியது, விளக்கைத் தொடப்போனது.

“ஆரம்பிச்சிட்டியாடா?” என்று கேட்டாள் அக்கா.

கண் டாக்டரிடம் போகலாம் என்றான் அவன். அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

“திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது. அப்புறமாப் பாத்துக்கலாம்.”

“அதுக்கு முன்னாடியே போகணும்கா.”

“பொம்ம வெளையாட்ட வெச்சு என் பொழப்புல கை வெக்கறியா?”

“நீ வரலைன்னா வேன் ஓனர்கிட்ட நான் பேசிடுவேன்.”

“பேசிப் பாரு. அதோட நான் உனக்கு அக்கா இல்ல.”

அவன் எழுந்து போகவில்லை. கண்ணாடி வாங்கித் தரட்டுமா என்று தான் கேட்டது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. என்ன பெரிய கொள்கை! அவள் முதல் தடவை கூப்பிட்டபோதே வந்து பார்த்திருக்கலாம். தன்மேலேயே வெறுப்பாக வந்தது, அழுகையும் வந்துவிட்டது. “எனக்காக வாக்கா. ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டா நான் அப்புறம் வாயே தொறக்க மாட்டேன்” என்றான். விவரம் தெரிந்த நாள் முதல் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் அவளை ஒரு கருவிக்குள் பார்க்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கும்மா. ரெண்டு கண்ணுலயும் இடது பக்கம் கீழ பார்வை போயிருக்கு. இது வலிக்காது. தெரியாத இடத்த மூளையே எதையாவது போட்டு நெரப்பிடும். அதனாலதான் உங்களுக்குத் தெரியல.”

“திரும்ப வருமா?”

“போனது வராது. சொட்டு மருந்து போட்டு இருக்கறதக் காப்பாத்திக்கலாம். ஆனா வண்டி ஓட்டக் கூடாது.”

“எப்பலேர்ந்து இப்படி?”

“சொல்ல முடியாதும்மா. சில வருஷமாவே இருக்கலாம்.”

வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் அக்கா உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு இடது கையை நீட்டி, மெதுவாகக் கீழே இறக்கினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“இங்க வந்ததும் காணாமப் போயிடுதுடா.” சற்று நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாள். “வேன் கதவும் இந்தப் பக்கம்தான். எறங்கினதும் எந்தக் குட்டியும் ஓரமாப் போகாது. எனக்கு டாட்டா காட்டணும்னு வண்டிக்கு முன்னால ஓடி வரும். இந்த உயரம்தான் இருக்கும்.”

அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். போன கண்ணுக்காக அவள் அழவில்லை. நடந்திருக்கக்கூடியதை நினைத்து அழுதாள்.

அழுது முடித்ததும் போனை எடுத்தாள். “நான் சொல்லட்டுமாக்கா?” என்று அவன் கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்தாள். ஸ்பீக்கரில் வேன் ஓனரின் குரல் கணீரென்று கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறினார், பிறகு கெஞ்சத் தொடங்கினார்.

“தொறக்கற நேரத்துல ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்? ஒரே ஒரு வாரம் மட்டும் ஓட்டிக் குடுத்துடுங்க. உங்களுக்குத் தெரியாத ரோடா? இத்தன வருஷமா உங்கள மாதிரி பத்திரமா யாரு ஓட்டியிருக்கா?”

இதே வார்த்தையை வேறொரு நாளில் கேட்டிருந்தால் அக்கா ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்திருப்பாள். தம்பி அவள் முகத்தையே பார்த்தான்.

“இல்ல சார்” என்றாள். “நான் பத்திரமா ஓட்டல. இத்தன நாளா கொழந்தைங்கதான் பத்திரமா விலகிப் போயிருக்காங்க.”