நியுஷ்டேர்ன்

உணவுக்குழாய்ப் புற்றுநோயை, விழுங்க முடியாமற்போகும் முன்பே, இரத்தத்தில் மிதக்கும் சிறு மூலக்கூறுகளைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் ஜெர்மனியின் பான் நகரில் எங்கள் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் இரத்தமும் வேண்டும். தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் பன்னிரண்டு பேரிடம் எடுத்தேன். பன்னிரண்டிலும் கொழுப்பு மிதந்தது, அளவுகள் பிசகிவிட்டன.

"ஜசிந்தா, அந்தப் பன்னிரண்டையும் விட்டுவிடு," என்றார் பேராசிரியர்.

விடுகிற ஆளில்லை நான். இரத்தம் தந்தவர்களில் மூத்தவரான இரத்தினம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, படிவத்தில 'நியுஷ்டேர்ன்' எண்டதுக்கு ஓம் எண்டு போட்டனீங்கள். அண்டைக்குச் சாப்பிட்டனீங்களோ?"

"ரெண்டு ரோல்ஸும் பால்தேத்தண்ணியும். ஆனால் நான் குடிகாரன் இல்லைப் பிள்ளை. அதைத்தானே கேட்டிருந்தது?"

ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு வெறும் வயிறு என்றும் பொருள், குடிபோதையில் இல்லை என்றும் பொருள். வயிற்றைப் பற்றிக் கேட்டதற்குப் பன்னிரண்டு பேரும் மானத்தைப் பற்றிப் பதில் எழுதியிருந்தார்கள். வாயால் கேட்காமல் விட்டது என் பிழை.

அன்றே படிவத்தைத் தமிழில் எழுதினேன்: 'காலமை தேத்தண்ணியும் குடிக்கக் கூடாது.' பிறகு ஒவ்வொருவராக அழைத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு பேரும் பசியும் கோபமுமாய் வந்து நின்றார்கள். இரத்தினம் அண்ணை ஃபிளாஸ்க் மூடியில் தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டுத்தான் கையை நீட்டினார்.

"கெதியா எடு பிள்ளை, தேத்தண்ணி ஆறுது."

"ஆறட்டும் அண்ணை," என்று ஊசியைக் குத்தினேன். "கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறது உணவுக்குழாய்க்குக் கூடாது."